காதால் படிக்கிறேன்



"டீச்சர், முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டு பதிவு போடுவீங்க, படிச்ச புத்தகத்தைப் பத்தி எழுதுவீங்க, இப்ப ஆளையே காணோமே" என்று குரூப்பில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். போன மாதம் திண்டிவனம் ஸ்டேஷனில் என்னைப் பார்த்த 1994 பேட்ச் பெண் ஒருத்தி, "டீச்சர் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு தனக்குத்தானே சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாக வந்து விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்தேன். ஆகவே விவரமாகவே சொல்லிவிடுகிறேன். நீளமான பதிவு. கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் நழுவ வேண்டாம்.

முதலில் கண் சமாசாரம். ஒன்றரை வருடமாகவே படிக்கும்போது வரியின் நடுவில் இருக்கும் எழுத்து கரைகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. "மாகுலா தேய்கிறது, வயதானால் சிலருக்கு வரும், உங்களுக்கு உலர் வகை" என்றார் கண் டாக்டர். ஊசி போட்டுப் பார்ப்பது வேறொரு வகைக்காம். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொன்னார். கோடு புதிதாக வளைந்து தெரிந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும். இப்போது பூஜை அறைக் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தத் தாள்தான் தொங்குகிறது. நடமாட்டத்துக்குக் குறை வராது என்று தைரியம் சொல்லியிருக்கிறார். யாரும் போன் போட்டு அழ வேண்டாம், முக்கியமாகச் சேலத்துச் சித்தி.

ஆனால் புத்தகம் போனது போனதுதான். முப்பத்தோரு வருடம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போய் வந்தவள் நான். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன் வருவதை நிமிர்ந்து பார்க்காமலே, எத்தனை பக்கம் புரண்டிருக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடுவேன். நூலகத்துக்கு நான் கட்டிய சந்தாவைவிட அபராதம் அதிகம் என்று உங்கள் சார் கேலி செய்வார். அப்படிப்பட்டவளுக்கு, வீட்டில் இரண்டு அலமாரி புத்தகம் கண்ணெதிரே இருந்தும் ஒன்றையும் தொட முடியவில்லை என்றால் எப்படி இருக்கும்? இரண்டு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. டிவி போட்டால் எரிச்சல். இந்தப் பதிவைக்கூட நான் வாயால் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதுகிறது. பேத்தி உட்கார்ந்து பிழை திருத்தினாள். 'மயிலம்' என்று சொன்னால் 'மைலேஜ்' என்று போடுகிறது. எங்காவது அப்படி இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேத்திதான் ஒருநாள் என் போனை வாங்கி எதையோ இறக்கிக் காதில் மாட்டிவிட்டாள். "பாட்காஸ்ட், பாட்டி. ரேடியோ மாதிரிதான். ஆனா நீ சொன்னா நிக்கும், நீ சொன்னா திரும்பப் பேசும்" என்றாள். இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்கவில்லை. தமிழில் வலையொலி என்கிறார்கள். நல்ல சொல்தான், இருந்தாலும் பாட்காஸ்ட் என்றே எழுதுகிறேன், நாலு பேருக்குப் புரியட்டும். ஐபாட் என்ற பாட்டுப்பெட்டியையும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டி, 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் பத்திரிகையில் ஒருவர் எழுதிய சொல் அது. அதே 2004 பிப்ரவரியில்தான் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி நிறுவனம் வளாகத்துக்குள் நடத்திய முதல் சமுதாய வானொலி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் 'பேசுவதற்குப் பெரிய நிலையம் வேண்டாம், யாரும் பேசலாம்' என்ற எண்ணம் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதத்தில் முளைத்ததை நினைத்தால் எனக்கு ஏனோ சந்தோஷம்.

ஒன்று சொல்ல வேண்டும். இது நமக்குப் புதிது என்று இளசுகள் நினைக்கிறீர்கள். நாம் காதால் வளர்ந்த ஜனம். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் இலங்கை வானொலிதான் மணி சொல்லும். எந்தப் பாட்டு முடிந்தால் உலை வைக்க வேண்டும் என்பது எங்கள் அம்மாவுக்குக் கணக்கு. 1967-ல் புதுச்சேரி வானொலி வந்தபிறகு நம் பக்கத்துப் பேச்சும் ரேடியோவில் வந்தது. ராத்திரி ஒன்பதேகாலுக்கு எங்கள் அப்பா சிற்றலையில் பி.பி.சி. தமிழோசையைப் பிடிக்க முள்ளைத் திருகுவார். கரகரப்புக்கு நடுவே லண்டனிலிருந்து தமிழ் வரும். அந்தக் கால் மணி நேரம் நாங்கள் மூச்சுவிடக் கூடாது. 1941-ல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017-ல் நின்றுபோனது. நின்ற செய்தியைக் கேட்டபோது யாரோ தூரத்துச் சொந்தம் தவறியதுபோல் இருந்தது.

ரேடியோவால் பாடம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் நெல் கதையைச் சொல்வேன். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்று ஒரு குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. எப்போது விதைப்பது, எப்போது உரம் போடுவது எல்லாம். கேட்டுக் கேட்டே ஜனங்கள் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் காதால் கேட்டு வயலில் செய்து காட்டிய பாடம் அது.

அதற்கும் முன்னால் பாரதம் இருக்கிறதே. திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் நம் தென்னாற்காட்டில் குறைவு. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் அந்த அம்மனுக்கு ஆதிக்கோயில் என்று சொல்வார்கள். திருவிழா என்றால் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், ராத்திரி அதே கதை கூத்தாக நடக்கும். எங்கள் தாய்வழித் தாத்தா கைநாட்டு. ஆனால் கர்ணன் பிறப்பிலிருந்து பதினெட்டாம் போர் வரை விட்ட இடம் தொட்ட இடம் தெரியாமல் சொல்வார். நடுவில் யாராவது தப்பாகச் சொன்னால், "அந்த எடத்துல அர்ச்சுனன் இல்ல, சாத்தகி" என்று திருத்துவார். அவரைப் படிக்காதவர் என்று ரேஷன் கார்டில் எழுதியிருந்தது. எனக்கு அப்போதே அது ஒப்பவில்லை. திருக்குறளில் கல்விக்கு ஒரு அதிகாரம், கல்லாமைக்கு ஒன்று, அதற்கு அடுத்தது 42-வது அதிகாரம் கேள்வி. வகுப்பில் கேள்வி என்றதும் நீங்கள் எல்லாம் கேள்வித்தாளை நினைத்து முகத்தைச் சுளிப்பீர்கள். காதால் கேட்டு அறிவது என்று ஒவ்வொரு வருடமும் விளக்க வேண்டியிருக்கும்.

சரி, நான் என்ன கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். முதலில் பொன்னியின் செல்வன். கதை ஓசை என்று தீபிகா அருண் நடத்தும் பாட்காஸ்டில் இருக்கிறது. கல்கி அதை 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் எழுதியவர். ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஆளைத் தொங்கவிட்டுப் போவார். புத்தகமாகப் படிக்கும்போது அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம், அந்தத் தொங்கல் தெரியாது. காதால் கேட்கும்போதுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிகிறது. திண்டிவனம் ஸ்டேஷனில் நான் சிரித்துக்கொண்டிருந்தது ஆழ்வார்க்கடியானால். புகார் கொடுத்த பெண்ணுக்கு இது பதில்.

வரலாறு, அறிவியல், பழைய இலக்கியம் என்று தமிழிலேயே இன்று நிறையக் கிடைக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறதென்று சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் இருபது நிமிடம் ஒருவரையொருவர் கிண்டலடித்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு வேடிக்கை, நமக்கு என்ன? சிலர் மூச்சுக்கு முந்நூறு ஆங்கிலச் சொல். இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் போய் யாரும் வீட்டில் பேசாத தமிழை மேடையில் நின்று முழங்குகிறார்கள். காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறவர் மேடைக் குரலில் பேசலாமா? நிதானமாக, எதிரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுபவர்களைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். அப்படி ஆறேழு பேர் தேறியிருக்கிறார்கள். கீரை ஆயும்போது ஒருவர், துணி மடிக்கும்போது ஒருவர், சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கும்போது ஒருவர்.

இதெல்லாம் என் சொந்தப் பொழுது. இனிமேல்தான் விஷயம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் கண் விஷயம் கேட்டுப் பார்க்க வந்தவள், நான் காதில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நானும் கிளாஸ்ல இதைத்தான் பண்ணிட்டு இருக்கேன், ஒருநாள் வந்து பாருங்க" என்றாள். மறு வாரமே போனேன்.

அவள் தொடங்கியது ஆங்கிலத்தில். பாடப்புத்தகத்தில் கேட்டல் பயிற்சி என்று பாடத்துக்குப் பாடம் உண்டு. பத்தியை டீச்சர் வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்டு விடை எழுத வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதை ஒழுங்காக நடத்தினோம் என்பதைச் சபையில் பேச வேண்டாம். பரீட்சைக்கு வராததற்கு வகுப்பில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். 2018-ல் வந்த புதிய புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு போட்டுக் கொடுத்தார்கள், போனைக் காட்டினால் பாடம் விரியும். பிறகு 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. கொரோனா வந்தபோது இரண்டும் கைகொடுத்தன. ஆனால் இரண்டுக்கும் கண் வேண்டும், திரை வேண்டும், நெட் வேண்டும். பிள்ளை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவள் பி.பி.சி.யின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சியை இறக்கி ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். முதல் நாள் வகுப்பே வெறித்துப் பார்த்ததாம். வெள்ளைக்காரர் உச்சரிப்பு, வேகம் வேறு. "மிஸ், இவங்க எப்ப மூச்சு விடுவாங்க?" என்று ஒரு பையன் கேட்டானாம். வேகத்தைக் குறைத்து, ஆறு நிமிடத்தில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, நாலு நாள் அதையே போட்டபிறகு காது பழகியதாம். அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது, ஏன் நாமே பேசிப் பதிவு செய்யக் கூடாது, அதுவும் தமிழில், நம் ஊர் விஷயத்தை என்று.

நான் போன அன்று ஏழாம் வகுப்பில் திருவக்கரை கல்மரம். நாலு நிமிடப் பதிவு. அவள் குரல்தான், வீட்டில் பேசுவதுபோல. நம்மில் பாதிப் பேர் திருவக்கரைக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிடத்தான் போயிருப்போம். பக்கத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்திய மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்து, மரத்தின் நார் இருந்த இடத்தில் தண்ணீரில் கரைந்த தாது கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து உறைந்தது. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். இவ்வளவுதான் பதிவில்.

அவள் நடத்திய விதத்தைச் சொல்கிறேன், டீச்சராக இருப்பவர்கள் கவனியுங்கள். போடுவதற்கு முன்னால் பலகையில் ஒரே கேள்வி: மரம் எப்படிக் கல்லாகும்? முதல் தடவை நிறுத்தாமல் ஓடியது. இரண்டாவது தடவை மூன்று இடத்தில் நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் அவள் ஒன்றும் பேசவில்லை, பிள்ளைகள்தான் பேசினார்கள். "அடுத்தது என்னாவும்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு நோட்டில் படம் போடச் சொன்னாள். மொத்தம் அரை மணி நேரம். ஒலி ஓடியது எட்டு நிமிடம்தான். மீதியெல்லாம் டீச்சர் வேலை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காரலாம் என்று யாராவது நினைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். அந்தப் பள்ளியிலேயே ஒரு ஆசிரியர் அப்படித்தான் சொல்லி இதை எதிர்க்கிறாராம். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது நிறுத்தத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், எங்க ஆயா அதெல்லாம் வக்ராசுரன் எலும்புன்னு சொல்லும். மரம்னா அதுல வட்டம் வட்டமா இருக்கணும் இல்ல? அது கல்லுலயும் இருக்குதா?" என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்லிலும் அந்த வளையமும் நாரும் தெரிவதால்தான் அது எலும்பில்லை, மரம் என்று சொல்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டுவிட்டான். வகுப்பு முடிந்ததும் இவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஒரு பத்தி முடிக்கறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும். ஆறாம் வகுப்புல ஒரு வருஷம் அவன் வாயே திறக்கல."

இதை நான் அன்றைக்கு ரயிலில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு விஷயம் தெரியாது என்று பள்ளிக்கூடம் முடிவு கட்டிவிடுகிறது. எழுத்து என்கிற ஒரே வாசல்தான் திறந்திருக்கிறது, அதில் நுழையத் தெரியாதவன் திண்ணையிலேயே நிற்கிறான். எனக்கு இப்போது எழுத்து கரைகிறது, ஆனால் புத்தி கரையவில்லையே. அதே வாசலில்தான் நானும் நிற்கிறேன். அதற்காக அந்தப் பையனைக் கேட்டுக்கொண்டே இரு என்று விட்டுவிடவும் முடியாது, விட்டால் அவன் நாளைக்கு எந்த விண்ணப்பத்தையும் நிரப்ப முடியாமல் நிற்பான். இவள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறாள். கேட்டு முடித்த அதே நாலு நிமிடத்தை எழுத்தாக அச்செடுத்து, ஒலி ஓட ஓட விரலை வைத்துப் பார்க்கச் சொல்கிறாள். விஷயம் ஏற்கனவே தெரிந்திருப்பதால் எழுத்து அவ்வளவு பயமுறுத்துவதில்லை. மூன்று மாதத்தில் பத்திக்கு வந்திருக்கிறான். வேகமில்லை. வரட்டும்.

அடுத்தது சூளை. நம் மாவட்டத்திலிருந்து பொங்கல் முடிந்த கையோடு எத்தனை குடும்பம் செங்கல் சூளைக்குப் போகிறது என்பது இங்கே டீச்சர் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஜனவரியில் போனால் ஜூனில்தான் திரும்புவார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வருகைப் பதிவேட்டில் அந்த வரிசை முழுக்கக் காலியாக இருக்கும். 2021 அக்டோபரில் நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார். தன்னார்வலர்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் இல்லமே திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளையில் கீற்றுக் கொட்டகையாக இருந்தால் யார் தேடிப் போவது?

இவள் வகுப்பில் அப்படி ஒரு பெண் குழந்தை, ஏழாம் வகுப்பு. போன ஜனவரியில் டி.சி. வேண்டாம், பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இவள் சும்மா இருக்கவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குள் ஐந்து நிமிடப் பதிவு ஒன்று, அந்த அம்மாவின் போனுக்கு. பாட்காஸ்டுக்கான செயலியில் ஏற்றி வைத்துத்தான் முதலில் பார்த்தாளாம், யாரும் திறக்கவில்லை. வாட்ஸ்அப் என்றால் எல்லோரும் திறப்பார்கள். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒரு எம்.பி. அளவுதான் வரும். அதே பாடம் வீடியோவாகப் போனால் அவர்கள் போட்டிருக்கும் ரீசார்ஜ் தாங்காது.

தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் என்னைக் கேட்டாள். "டீச்சர், எனக்கு நடத்தின அதே குரல்ல நடத்துங்க." எழுபது வயதில் எனக்கு வந்த உத்தியோகம்! எங்கள் வீட்டில் ஹாலில் பேசினால் எதிரொலி, வாசலில் பேசினால் பேருந்து. பீரோ இருக்கும் அறையில், கதவைத் திறந்து புடவைகளுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் குரல் சுத்தமாக விழுகிறது. துணி சத்தத்தை வாங்கிக்கொள்ளுமாம், பேத்தி கண்டுபிடித்தது. காலை நாலரைக்குப் பேசினால் குயில் மட்டும்தான் குறுக்கே வரும். அதை நான் வெட்டச் சொல்லவில்லை, சூளையில் அந்தக் குழந்தை குயிலையும் கேட்கட்டும்.

பத்துப் பதினைந்து நாள் எதுவும் பதில் இல்லை. இரண்டு நீலக்கோடு மட்டும் விழும். பிறகு ஒருநாள் ஒரு குரல் பதிவு வந்தது. குழந்தை இல்லை, அம்மா. பின்னால் யாரோ மண் மிதிக்கும் சத்தம். "மிஸ், நானும் கேக்கறேன். கல் அறுக்கும்போது போனை இடுப்புல சொருகிக்குவேன், அக்கம்பக்கத்துல இருக்கறவங்களும் கேப்பாங்க. அந்தக் கல்மரம் சொன்னீங்களே, நாங்க அறுக்கற கல்லு சூளையில வெந்து ஒருவாரத்துல கல்லாவுது, மரத்துக்கு ஏன் அத்தினி வருஷம் ஆவுது?" இதை இவள் எனக்கு அனுப்பினாள். நான் நாலைந்து முறை கேட்டேன். அந்தம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தது மகளைச் சேர்க்க மட்டும்தான். நெருப்பில் வேகும் களிமண்ணுக்கும், தண்ணீரில் ஊறித் தாது ஏறும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் பற்றி மறுநாள் ஐந்து நிமிடப் பதிவு ஒன்று போனது. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

ஜூனில் குழந்தை திரும்பியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். கணக்கு அப்படியே நின்றுவிட்டது. பின்னக் கழித்தலைக் காதால் கற்பிக்க முடியாது, அதற்குப் பலகை வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும், தப்பாகப் போடும் இடத்தில் கையைப் பிடிக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்து பாதி மறந்திருந்தது. ஆனால் தமிழிலும் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் வகுப்போடு சேர்ந்து உட்கார முடிந்தது. முக்கியமாக, வந்துவிட்டது. போன வருடங்களில் சூளைக்குப் போன இரண்டு பிள்ளைகள் "இனிமே போயி என்னா பண்றது, ஒண்ணும் புரியாது" என்று பள்ளிக்கூடத்தையே விட்டிருக்கிறார்கள். இந்தப் பொங்கலுக்கு அதே பள்ளியிலிருந்து நாலு பிள்ளைகள் போகப் போகிறார்கள். இவள் ஒருத்தி குரலும் என் குரலும் போதாது.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

உங்களில் மரக்காணம் உப்பளத்தில் இருக்கிறவன் இருக்கிறான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் நிலம் வைத்து மல்லாட்டை போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். டி.எம்.வி. என்று கடலை ரகத்துக்கு முன்னால் போடுவது திண்டிவனம் என்ற பெயரைத்தான் என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லுங்கள். கழுவேலி ஏரியில் பறவை எண்ணப் போகிறவள், ஜிப்மரில் நர்ஸ், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவன், செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருப்பவன். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை, தேசிங்கு ராஜன் கதையை உன்னைவிட யார் நன்றாகச் சொல்வார்கள்? 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்குக் கரண்ட் இல்லாமல் ஊரைப் பார்த்துக்கொண்ட மின்வாரியத்துப் பிள்ளை, நீயும்தான். துபாயில், சிங்கப்பூரில் இருப்பவர்கள் அங்கே செய்யும் வேலையைச் சொல்லுங்கள்.

நாலு நிமிடம், ஐந்தைத் தாண்ட வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழ். எழுதி வைத்து வாசிக்காதீர்கள், வாசிப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு விஷயம், அது எப்படி நடக்கிறது என்று. பத்து வயதுக் குழந்தை எதிரில் உட்கார்ந்து 'ஏன்? ஏன்?' என்று கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வணக்கம், தங்களை வரவேற்கிறோம், பின்னணி இசை எதுவும் வேண்டாம். அறிவுரை கண்டிப்பாக வேண்டாம், அது அவர்களுக்கு வேண்டிய அளவு கிடைக்கிறது. குழந்தைகள் பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் பதிவில் வரக் கூடாது. துணி பீரோ பக்கம் உட்காருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

குரூப்பில் போடாமல் என் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள். கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்வேன், பழைய டீச்சர்தானே. மார்கழி முடிவதற்குள் முப்பது பதிவு சேர்ந்துவிட்டால் சூளைக்குப் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் போனில் முன்கூட்டியே ஏற்றிக் கொடுத்துவிடலாம், அங்கே சிக்னல் இல்லாத நாளிலும் ஓடும். இதுவரை கையில் இருப்பது பதினொன்று. அதில் ஏழு என் குரல்.